ஆடாத ஸ்டாண்ட்

கடைக்காரர் ஸ்டாண்டின் நீளமான பிடியைக் காலால் ஒரு மிதி மிதித்தார்.

அவ்வளவுதான். பைக்கின் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி நின்றது.

“பாத்தீங்களா? ஒத்தை ஆளே போதுமுங்க. பக்கத்துல யாரும் புடிச்சுட்டு நிக்க வேண்டியதில்ல.”

அவன் முகம் மலர்ந்து மனைவியைப் பார்த்தான். அவளுக்காகத்தான் வாங்க வந்திருந்தான்.

அவளுக்குத் திக்கென்றது.

அவர்கள் வண்டிக்கு நடு ஸ்டாண்ட் கிடையாது. ஞாயிறு காலையில் பின்சக்கரம் எழும்பும்படி அவள் வண்டியைப் பக்க ஸ்டாண்டின் மேல் சாய்த்துப் பிடித்துக்கொள்வாள். எழும்பிய சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அவன் செயினைத் துடைத்து எண்ணெய் விடுவான். துடைத்து முடித்த எண்ணெய்த் துணி அவள் கையில்தான் இருக்கும்.

போன வாரம் வேலை முடிந்ததும் அவள் கையை உதறிக்கொண்டாள். அதை அவன் பார்த்துவிட்டான்.

மாமனார், மாமியார், கொழுந்தன் குடும்பம் என்று வீடு நிறைய ஆட்கள். விடிந்தால் எல்லோருக்கும் அவள் வேண்டும். போர்ட்டிகோவில் வண்டியைப் பிடித்து நிற்கும்போது மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை.

“அந்தக் கிரீஸ் கையோட சமையக்கட்டுக்குள்ள வந்துறாத கண்ணு” என்பார் மாமியார்.

அவள் போகமாட்டாள். செயின் சுத்தமான பிறகும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

இனி அந்த வேலைக்கு அவன் ஒருவனே போதும்.

“என்ன, எடுத்துக்கலாமா?”

அவள் சீட்டில் கைவைத்து அசைத்துப் பார்த்தாள். வண்டி பாறை மாதிரி நின்றது.

“ஆடுதுங்களே” என்றாள்.

கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“ஆனையே ஏறி உக்காந்தாலும் ஆடாதுங்க அம்மணி!”

அவன் குனிந்தான். ஸ்டாண்டை உலுக்கினான். வண்டியை உலுக்கினான். எதுவும் அசையவில்லை.

நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் சுவரில் தொங்கிய ஹெல்மெட்டுகளை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டாண்டிலிருந்து கையை எடுத்தான்.

“ஆமாங்ண்ணா” என்றான் கடைக்காரரிடம். “லேசா ஆடுது.”

அவர் அலுத்துக்கொண்டே மூலையிலிருந்து இன்னொன்றை இழுத்துப் போட்டார்.

“இதுக்கு ஒருத்தர் வண்டியப் புடிச்சாத்தான் இன்னொருத்தர் தூக்க முடியுமுங்க. அப்புறம் என்னயச் சொல்லக் கூடாது.”

சொல்லமாட்டோம் என்று இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

திரும்பும் வழியில் அதை மடியில் அணைத்துப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் வண்டி நின்றது.

“பிரேக்கையும் இனிமே நாமளே கழட்டி மாட்டலாம்னு இருக்கேன்” என்றான் அவன், திரும்பாமல்.

“அதுக்கு மத்தியானம் ஆயிருங்களே.”

“ஆயிரும்.”