அன்றைய மனு

“மனு எங்க?” என்று கையை நீட்டினார் மாஜி அமைச்சர்.

செல்லமுத்துவிடம் மனு இல்லை. நாற்பது கேள்விகள்தான் இருந்தன. கட்சிகளையும் அமைச்சர்களையும் ஆராய்கிற அரசியல் அறிவியல் பேராசிரியர் அவர்.

இந்தப் பெரியவர் ஏன் பதவி விலகினார் என்று தெரிந்தால் புத்தகம் முடிந்துவிடும்.

அதற்காகத்தான் உளுந்தூர்பேட்டையிலிருந்து எலவனாசூர்கோட்டை வரை நடந்தே வந்திருந்தார். இட ஒதுக்கீடு கேட்டு மறியல். வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை.

பெரியவரின் மனைவி அம்சவள்ளி செல்லமுத்துவை வாசல் பக்கம் அழைத்துப் போனாள்.

“பதவி போயி இருவது வருசம் ஆச்சிங்க. இன்னும் மந்திரின்னே நெனச்சிக்கினு இருக்காரு. ஒரு மனுவாச்சும் வாங்கினாத்தான் சோத்துல கை வைப்பாரு. பக்கத்து வூட்டு சின்னராசு தெனம் ஒண்ணு எழுதிக் குடுப்பான். மறியல்ல அவன போலீசு புடிச்சிக்கினு போயிடுச்சி. ரெண்டு நாளா இவரு பட்டினி.”

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கு எழுதத் தெரியாதுங்க. நீங்க எதுனா கேளுங்க. நடக்காததா இருந்தாலும் பரவால்ல. சின்னராசு ஒரு தபா ஊருக்கு ஏரோப்பிளேனே கேட்டான்.”

செல்லமுத்து தயங்கினார். இருபத்திரண்டு ஆண்டுகளில் அறுபத்து மூன்று அமைச்சர்களைப் பேட்டி கண்டவர். எவரிடமும் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. கேட்டால் ஆய்வு கெட்டுவிடும்.

கேள்வித்தாளைத் திருப்பி, ‘தெருவிளக்கு வேண்டி’ என்று தொடங்கினார்.

நிமிர்ந்து பார்த்தார். பெரியவரின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

அந்தக் கையில் ஒரு பொய்யை வைக்க மனம் வரவில்லை. எழுதியதை அடித்துவிட்டு, கீழே தனக்கென்று இரண்டே வரி எழுதிக் கொடுத்தார்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். இன்னொரு முறை படித்தார்.

பிறகு பச்சை மைப் பேனாவைத் திறந்து, மனுவின் ஓரத்தில் நிதானமாக எழுதி, கையெழுத்திட்டுத் தந்தார்.

‘மனுதாரர் இனிமேல் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லை.’

உள்ளே திரும்பி, “அம்சா, ரெண்டு எல போடு” என்றார்.