கால்களுக்கிடையே போன பந்து

பதினான்கு வருடம் பேஸ்பால் ஆடிய எம்மெட் டிரிஸ்கல் அந்த வருடம்தான் தன் அணிக்கே மேனேஜரானான்; யார் எங்கே நிற்பது என்று சொல்வது இனி அவன் வேலை. வேண்டுமென்றே தோற்கச் சொல்லிச் சூதாடிகள் பணம் கொடுத்து ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்குகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த கோடை அது. ஒருநாள் சுலபமான பந்து ஒன்று அதைத் தடுக்க நின்ற ஓட்டிஸின் கால்களுக்கிடையே உருண்டு போனது. அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. ஓட்டிஸ் எம்மெட்டோடு எட்டு வருடம் ஒரே அறையில் தங்கியவன். ஆட்டம் தோற்றதும் எம்மெட் அவனை உடைமாற்றும் அறையில் நிறுத்திவைத்தான்.

"யார்கிட்ட வாங்கினே?"

ஓட்டிஸ் அவன் பக்கமே பார்த்து நின்றான். ஆத்திரத்தில் எம்மெட் கையிலிருந்த பந்தை அவன்மேல் எறிந்தான். அது நெஞ்சில் பட்ட பிறகுதான் ஓட்டிஸின் கைகள் உயர்ந்தன.

எம்மெட்டின் குரல் இறங்கியது. "எத்தனை நாளா கண்ணு தெரியல?"

"ஏப்ரல்லேர்ந்து மங்கிக்கிட்டே வருது. வீட்டுக்கு அனுப்பிடாதே, எம்மெட்."

அப்போது அணியின் முதலாளி கதவைத் திறந்தார். "என்ன, விலை போயிட்டானா?"

"இல்லீங்க. நான்தான் அவனைத் தப்பான இடத்துல நிக்கச் சொன்னேன்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

முதலாளி ஓட்டிஸை வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு எம்மெட்டுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, அவன் முகத்தையே பார்த்தார். "சரி, நீ யார்கிட்ட வாங்கினே?"