சிவப்பு ரிப்பன்

"கிளெனிஸ், பதினேழாம் பாத்தியைப் பார்த்தீங்களா? அது பாத்தியா, காடா?"

சனிக்கிழமை காலை, கேட்டைத் திறப்பதற்குள் பக்கத்துப் பாத்திக்காரர் ட்ரெவர் வந்து நின்றார். கிளெனிஸ் பெருமூச்சை விழுங்கிக்கொண்டாள்.

போர்ட் கெம்ப்ளாவில் ஆளுக்கொரு பாத்தி பிரித்துக்கொடுத்த அந்தப் பொதுத் தோட்டத்துக்கு அவள்தான் தலைவி. பொதுக்குழுவில் யார் தலைமை ஏற்பது என்று கேட்டபோது எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். இவள் மட்டும் தும்மித் தொலைத்தாள். அதையே சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து குழாய் ஒழுகினாலும் அவள், மக்குக்குழி நாறினாலும் அவள். ஊர் கூடித் தேர் இழுக்கும் என்று நம்பி வடத்தைத் தொட்டவள், திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருவரும் இல்லை.

பதினேழாம் பாத்தி ரிஸ்தோவுடையது. மாசிடோனியாவிலிருந்து ஆஸ்திரேலியா வந்து, இரும்பாலையில் உழைத்து ஓய்வு பெற்ற மனிதர். அதிகம் பேச மாட்டார்.

போய்ப் பார்த்தாள். ட்ரெவர் சொன்னதில் தப்பில்லை. லெட்யூஸ் கீரை இடுப்பளவு வளர்ந்து பூத்துக் கிடந்தது. பார்ஸ்லித் தழை காய்ந்து குச்சியாக நின்றது. இருந்ததிலேயே பெரிய குடைமிளகாய்கள் பறிக்க ஆளில்லாமல் செடியிலேயே சுருங்கிக்கொண்டிருந்தன.

"அந்த விதையெல்லாம் பறந்து என் பாத்தியில விழுது. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்றார் ட்ரெவர். "வசந்தம் வந்தா கமிட்டி கேட் பக்கத்துல ஓசியில நாற்று வைக்குது. நாலு எடுத்து நட்டா இவருக்குக் கையா தேஞ்சிடும்?"

கமிட்டி எந்த நாற்றும் வைத்ததில்லை. தெருமுனை நர்சரிக்காரர்கள் மிஞ்சியதை வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று கிளெனிஸ் நினைத்திருந்தாள். தானாக நடக்கிற ஒரே வேலை அது. அதையும் கிளறுவானேன் என்று விட்டிருந்தாள்.

விதி இதுதான்: கவனிக்காத பாத்தியில் சிவப்பு ரிப்பன் கட்டப்படும். ஒரு மாதத்துக்குள் சுத்தம் செய்யாவிட்டால் பாத்தி கைமாறும். எல்லோருக்கும் மின்னஞ்சல் போயிருந்தது. ரிஸ்தோவுக்கு மின்னஞ்சலே கிடையாது என்பது யாருக்கும் நினைவில்லை.

அவர் இருக்கும்போதே ரிப்பனைக் கட்டினாள். மறைவாகக் கட்டுவது அவளுக்குப் பிடிக்காது. ரிஸ்தோ அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மண் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப நன்றிம்மா."

"கொழுப்பைப் பார்த்தீங்களா?" என்று ட்ரெவர் காதைக் கடித்தார்.

மாதம் முடிந்தது. ரிஸ்தோ ஒரு செடியைக்கூடப் பிடுங்கவில்லை. சாய்ந்த கீரைத் தண்டுகளுக்குக் குச்சி நட்டு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்.

கிளெனிஸுக்கு அலுத்துப் போயிற்று. பாத்தி கேட்டு வரிசையில் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள்.

"கேட் சாவியைக் கொடுத்துடுங்க, ரிஸ்தோ."

அவர் விழித்தார். "நீங்கதானே சிவப்பு கட்டினீங்க?"

"ஆமா, நான்தான் கட்டினேன். அதனாலதான் கேக்கறேன்."

"இன்னும் காயலையே. கொஞ்ச நாள் விடுங்க."

"இதுக்கு மேல என்னப்பா காயணும்?" என்று ட்ரெவர் சிரித்தார்.

ரிஸ்தோ வாதாடவில்லை. கீரைத் தலைகளையும் பார்ஸ்லிக் கொத்துகளையும் அறுத்து, சுருங்கிய மிளகாய்களோடு ஒரு பழைய தலையணை உறையில் திணித்துக்கொண்டார். குப்பையைக்கூட விட்டுப்போக மனசில்லை பார் என்றார் ட்ரெவர். கடைசியாக ரிஸ்தோ அந்த ரிப்பனை அவிழ்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார். வாங்கும்போது கிளெனிஸுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் வந்து நிற்பார்கள்.

செப்டம்பர் பிறந்தது. வசந்தம் வந்தது, கேட் பக்கத்தில் நாற்று வரவில்லை.

"கமிட்டி தூங்குதா?" என்று போன் போட்டார் ட்ரெவர்.

கிளெனிஸ் நர்சரியில் போய் விசாரித்தாள். காசுக்கு விற்கிறவர்கள் ஓசியில் எதற்கு வைக்கப் போகிறோம் என்று அங்கிருந்த பெண் சிரித்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை, ட்ரெவருக்கு முன்னால் போய்விட வேண்டும் என்றே சீக்கிரம் கிளம்பினாள். கேட்டருகே யாரோ குனிந்து ஒரு தெர்மாகோல் பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ரிஸ்தோ.

பெட்டி நிறைய நாற்று. லெட்யூஸ், பார்ஸ்லி, குடைமிளகாய். ஈரச் செய்தித்தாளில் கட்டுக் கட்டாகச் சுற்றியிருந்தார். பெட்டியைச் சுற்றி அந்தச் சிவப்பு ரிப்பன்.

"இந்த வருஷம் லேட்டாயிடுச்சும்மா," என்றார், ஏதோ தப்புச் செய்தவர் போல. "விதை முழுசா காயறதுக்குள்ள அறுத்துட்டேன்ல, பாதிதான் முளைச்சுது."

கிளெனிஸ் பெட்டியருகே குனிந்தாள். "வருஷா வருஷம் வச்சது நீங்கதானா? அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, ரிஸ்தோ."

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்." அவர் ரிப்பன் முடிச்சைச் சரிசெய்தார். "விதைக்கு விட்ட செடியில எங்கம்மா சிவப்பு நூல் கட்டிடுவா, யாரும் கைவைக்கக் கூடாதுன்னு. நீங்க கட்டினப்போ, இந்தத் தோட்டத்துல ஒருத்தருக்காவது புரிஞ்சுதேன்னு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு."