சுறாவின் ஹாட்ஸ்பாட்

கணவருக்குத் தெரியாமல் வாங்கிய உடையைப் போட்டுக்கொண்டு, அறைக் கதவைத் திறந்து இரண்டு பக்கமும் பார்த்தாள் கணக்கு டீச்சர். தோழியைப் பார்த்துவிட்டு வருவதாக வீட்டில் சொல்லியிருந்தாள்.

வேறொன்றுமில்லை, நீச்சல் உடைதான். அடுத்த மாதம் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறார்கள். தண்ணீரைக் கண்டாலே நடுங்குவாள் என்று சொந்தக்காரர்கள் முன்னால் கணவர் ஓட்டி ஓட்டி, அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது; யாருக்கும் சொல்லாமல் நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். அவரோ கல்லூரியில் பெரிய நீச்சல் வீரராம். போன தடவை மட்டும், உப்புத் தண்ணீர் தோலுக்கு ஆகாது என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பையைப் பூட்டி வைக்கப்போன நேரம் போன் சிணுங்கியது. டீச்சர் திகைத்தாள். நீச்சல்குளம் இருந்த இந்த அடித்தளத்தில் அவளுடைய சிம்முக்கு டவரே எடுக்காது.

கணவரின் வாட்ஸப் மெசேஜ்தான். ஆபீஸில் மீட்டிங் இழுக்கிறது, வர நேரமாகும் என்றது.

எந்த இணைப்பில் வந்தது என்று பார்த்தாள். 'சுறா' என்று காட்டியது திரை. அது அவருடைய ஹாட்ஸ்பாட். காலையில் வீட்டு வைஃபை படுத்துவிட்டதால் அவளுக்காகப் போட்டுக் கொடுத்தவர், அணைக்க மறந்திருக்கிறார். ஒருமுறை பழகிய இணைப்பு பக்கத்தில் வந்தால், போன் கேட்காமலே போய் ஒட்டிக்கொள்ளும்.

அப்படியென்றால் மீட்டிங்கில் இருப்பவர் இங்கேதான் எங்கோ இருக்கிறார்.

பின்தொடர்ந்து வந்துவிட்டாரோ என்று முதலில் பயந்தாள். அதற்கு எதற்கு மீட்டிங் என்று பொய் சொல்ல வேண்டும்? பயம் போய்ச் சந்தேகம் வந்தது.

போனை நீட்டிப் பிடித்தபடி நடந்தாள். கழிப்பறைப் பக்கம் சிக்னல் கோடு குறைந்தது. திரும்பினாள், ஏறியது. கடைசிச் சுவரோரம் முழுசாக நிரம்பியது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் இதமாகப் பேசியது. "கண்ண மூடிக்குங்க. அதான் நான் கையப் பிடிச்சிருக்கேன்ல."

"விட்டுடாதீங்க." இந்த ஆண் குரலோடுதான் அவள் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

டீச்சர் விறுவிறுவென்று சுவரைச் சுற்றிப் போய் நின்றாள். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்த கணவர், பிடித்திருந்த கையை உதறிவிட்டுத் தண்ணீருக்குள் அமுங்கி, கைகாலைப் போட்டு அடித்தார்.

கழுத்தில் விசில் தொங்க நின்ற பயிற்சியாளர் பெண் பொறுமையாகச் சொன்னாள்:

"எந்திரிச்சு நில்லுங்க சார், தண்ணி முழங்கால் வரைக்குந்தான்."