நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

"எங்கட குடும்பத்துக்கு ஒரே ஒரு வரியா?"

மஸாஹிர் ஹாஜியார் புத்தகத்தை மேசையில் போட்ட போட்டில் தேத்தண்ணிக் கோப்பை ஆடியது.

எதிரே இருந்தவர் ஜுனைதா. அந்தப் புத்தகத்தை எழுதிய ஹயாத்து முகம்மது மாஸ்டரின் மனைவி. மாஸ்டர் மவுத்தாகி, அடக்கமாகி ஒரு வருஷம். நாற்பது வருஷமாகப் புத்தளத்தின் கதையைத் தேடித் தேடி எழுதி வைத்த மனிதர். மகள் ஸம்ஹா அதை அச்சாக்கிவிட்டாள். நாளைக்கு வெளியீடு.

"எத்தினையாம் பக்கம் ஹாஜியார்?"

"நூத்திப் பன்னிரண்டு. 'மஸாஹிர் ஹாஜியாரின் குடும்பம் ஊருக்கு உழைத்த குடும்பம்.' அவ்வளவுதான்! உப்புச் சுமந்த கழுதைக்கு ஒண்டரைப் பக்கம் எழுதியிருக்கார், ராத்தா!"

ஸம்ஹாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

ஹாஜியாருக்கு அவசரம். அவருடைய மகள் ருஷ்தாவைக் கரைத்தீவிலிருந்து பெண் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளை ரிஷாத், பள்ளிக்கூட ஆசிரியர். ருஷ்தாவுக்கும் விருப்பம். ஆனால் ரிஷாத்தின் வாப்பா தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். "பூர்வீகம் இல்லாத அகதிக்கு மகளைக் குடுக்க மாட்டன்" என்று ஹாஜியார் ஒற்றைக் காலில் நின்றார்.

மகளும் லேசுப்பட்டவள் இல்லை. "மாஸ்டர்ட புத்தகத்துல நாங்க பூர்வீகக்காரர் எண்டு இருந்தா, நீங்க காட்டுற மாப்பிள்ளையையே முடிக்கிறன்" என்று சொல்லிவிட்டாள்.

"நாங்க இந்த ஊர்ல ஏழு தலைமுறை ராத்தா! ஒரு துண்டு அச்சடிச்சு அந்தப் பக்கத்துல ஒட்டுங்க."

"ஆதாரம் இல்லாம அவர் எழுத மாட்டாரே. எங்கட கலியாணத்தண்டு ஆளையே காணல்ல. வழியில ஒரு பழைய கிணத்துல எழுத்துப் பாத்துக்கொண்டு நிண்டாராம். ஸம்ஹா பிறந்த நேரம், பிள்ளையைப் பாக்க முந்தி, இந்த ஆஸ்பத்திரி எந்த வருஷம் கட்டினது எண்டு நேர்ஸிட்ட கேட்ட மனிசன்!"

ஜுனைதா சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"ஆனா மகளுக்கு மீன் வச்ச மாலுப் பாண் வாங்காம ஒரு நாளும் பின்னேரம் வீட்டுக்கு வந்ததில்ல. நான் சாப்பிடாம அவர் சாப்பிட்டதும் இல்ல."

"நல்ல மனிசன்தான். ஆனா எங்கட குடும்பத்துல அவருக்குப் பொறாமை."

ஜுனைதாவின் முகம் மாறியது.

"ஸம்ஹா, வாப்பா குறிப்பெழுதின பச்சைக் கொப்பியை எடுத்துக்கொண்டு வா மகள்."

கொப்பியை வாங்கிய ஹாஜியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊருக்கே கேட்கட்டும் என்பதுபோல் வாசிக்கத் தொடங்கினார்.

"'மஸாஹிரின் வாப்பாவுடைய வாப்பா உசனார், பஞ்ச காலத்தில் மன்னாரிலிருந்து தோணியில் வந்து இறங்கினார். கையில் இரண்டு பிள்ளைகள், ஒரு பாய். வந்தவனுக்கு இடம் கொடுக்க ஆளில்லை. உப்பளக் குடிசையில்...'"

சத்தம் தேய்ந்தது. மிச்சத்தை அவர் மனதுக்குள்தான் வாசித்தார். கடைசியில் மாஸ்டர் சிவப்பு மையால் எழுதியிருந்தார்:

'அச்சில் வேண்டாம். அகதி மக்களைப் பற்றி மஸாஹிர் கதைக்கும் கதைக்கு, இது தெரிந்தால் ஊர் அவரைச் சும்மா விடாது. வீட்டில் கலியாண வயதில் குமர்ப்பிள்ளை இருக்கிறாள்.'

ஹாஜியார் கொப்பியை மூடினார்.

"இதை வேற ஆர் பாத்த?"

"நானும் மகளும்தான்."

"கிழிச்சிருவமா ராத்தா?"

"அவர் கிழிக்காததை நான் கிழிக்க மாட்டன். ஆருக்கும் காட்டவும் மாட்டன். துண்டு ஒட்டச் சொன்னீங்களே, இதையே அச்சடிக்கட்டா?"

"வேணாம், வேணாம்! அந்த ஒரு வரியே எங்களுக்குப் பெரிசு."

அதைச் சொல்லும்போது அவர் குரல் உண்மையாகவே உடைந்தது. ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மகளுக்குப் போன் எடுத்தார்.

"ருஷ்தா, அந்தப் பொடியன்ட வாப்பாவை வெள்ளிக்கிழமை வரச் சொல்லு மகள்... ஓம், ஓம், நல்லா விசாரிச்சிட்டன். ஆரோ எவரோ இல்ல, எங்கட ஊர் ஆக்கள்தான்!"