துரைக்கு ஒரு வாய்

"மதர், இன்னிக்கும் என் மேலேயே துப்பிட்டான்! இதோ பாருங்க, மூக்குக் கண்ணாடி வரைக்கும் மசிச்ச கிழங்கு!"

சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த, இல்லத்தை நடத்தும் மதர் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஈரத்துணியை நீட்டினார்.

"நாலு நாள்தானே ஆச்சு டீச்சர். போகப் போக சரியாயிடும். அவர் நல்லவர்."

"முப்பத்தோரு வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தவ நான். எத்தனை வாலுங்களை வழிக்குக் கொண்டுவந்திருக்கேன்! இந்த ஒரு வாயைத் திறக்க வைக்க முடியலைன்னா வெட்கமா இல்ல?"

டீச்சர் ரிட்டயர் ஆன கையோடு கடல் கடந்து இந்த இல்லத்துக்குத் தொண்டு செய்ய வந்ததே குழந்தைகளுக்காகத்தான். பெற்றவர்கள் வாசலில் விட்டுவிட்டுப் போன பதினோரு குழந்தைகள். ஒன்றுக்குக்கூடத் தலை நிற்காது, கை கால் சொன்ன பேச்சைக் கேட்காது. ஆனால் அவர்கள் இருந்த அறையைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கத்தான் முடிந்தது. புதிதாக வருகிறவர் யாரானாலும், சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு நாற்பது வயதுக்காரருக்கு முதலில் ஒரு கிண்ணம் முழுக்க ஊட்டி முடிக்க வேண்டும். அப்புறம்தான் குழந்தைகள் அறைக்குள் கால் வைக்கலாம். இங்கே அதுதான் சட்டம்.

அவரும் லேசுப்பட்ட ஆளில்லை. வாய் பேச வராது. மார்பு வரை இழுத்துப் போர்த்திய கம்பளி, அதற்கு மேலே இரண்டு கூர்மையான கண்கள். டீச்சர் ஆவி பறக்க ஒரு ஸ்பூன் கொடுத்தால், அது போன வேகத்தில் திரும்பி வரும். "துரைக்கு என்ன குறையோ!" என்று டீச்சர் முதல் நாளே முணுமுணுத்தார். அன்றிலிருந்து அவர் பெயர் துரை.

ஐந்தாம் நாள் இன்னும் மோசம். முதல் வாய் உள்ளே போனதுமே டீச்சர் அடுத்த ஸ்பூனை நீட்டினார். இறுக்கி மூடிய வாயைத் துரை அப்புறம் திறக்கவே இல்லை.

ஆறாம் நாள் காலையில் டீச்சர் பெட்டியைக் கட்டிவிட்டார்.

"போதும் மதர். என்னால ஆகாது. நான் ஊருக்கே கிளம்புறேன்."

"வண்டி ரெண்டு மணிக்குத்தானே? மத்தியானச் சாப்பாடு மட்டும் குடுத்துட்டுப் போங்களேன். அவர் காத்துக்கிட்டிருப்பார்."

"எதுக்கு? வழியனுப்பத் துப்புறதுக்கா?"

சொன்னாரே தவிர, கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். ஐந்து நாளாக நின்றுகொண்டே ஊட்டியதில் முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. ஒரு குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டுத் துரையின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். இனி என்ன அவசரம்? கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். மதரைப் போலத் துரைக்குத் தமிழ் தெரியாது. அது ரொம்ப வசதியாகப் போயிற்று.

"உனக்கென்னப்பா, துப்பிட்டு நிம்மதியா இருப்ப. பங்குச் சாமியார் என்னை அத்தனை பேர் முன்னாடி நிக்க வெச்சு ஜெபம் பண்ணி அனுப்பினார். என் பிள்ளை மட்டும், 'பத்தே நாள்ல திரும்பி வந்துடுவம்மா, உனக்கு அதிகாரம் பண்ணத்தான் தெரியும்'னான். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவன் முன்னாடி போய் நிப்பேன், சொல்லு?"

அவர் பேசி முடிப்பதற்குள் கிழங்கு நன்றாக ஆறிப்போயிருந்தது.

துரை வாயைத் திறந்தார்.

டீச்சர் நம்பாமல் அரை ஸ்பூன் ஊட்டினார். அது திரும்பி வரவில்லை, உள்ளேயே இருந்தது. அடுத்த ஸ்பூனை அவர் உடனே நீட்டவில்லை. பிள்ளையைப் பற்றி இன்னும் கொஞ்சம் புலம்ப வேண்டியிருந்தது. தொண்டை ஏறி இறங்கியதும் துரை தானாகவே மறுபடி வாயைத் திறந்தார். புலம்பலும் கிழங்குமாக முக்கால் மணி நேரம் போனது. கிண்ணம் காலி!

"மதர்! மதர்! ஓடி வாங்க! சாப்பிட்டுட்டார்! என் ராசா, முழுசும் சாப்பிட்டுட்டார்!"

டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஸ்டூலில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓடி வந்த மதர் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். கண்ணாடிக் கதவின் சாவி.

வண்டியாவது, ஊராவது! டீச்சர் கிட்டத்தட்ட ஓடினார். கதவருகே போனதும்தான் மூக்குக் கண்ணாடி ஞாபகம் வந்து திரும்பினார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

துரை கம்பளியை ஒதுக்கிவிட்டு, வலது கையில் ஸ்பூனைப் பிடித்து, இரண்டாவது கிண்ணத்தைச் சிந்தாமல் சிதறாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மதர்... இவருக்கு... கை..."

"இருபத்தஞ்சு வருஷமா அவர் தானாத்தான் சாப்பிடுறார் டீச்சர். சின்ன வயசுல அவருக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒரு குழந்தை. புதுசா வந்த ஒருத்தர் நல்ல மனசோடதான் ஊட்டினார், ஆனா அவசரம். புரையேறி, குழந்தை போயிடுச்சு. இவர் பார்த்துக்கிட்டே படுத்திருந்தார். அதனாலதான், இவர்கிட்ட பாஸ் பண்ணாம யாருக்கும் அந்தக் கதவைத் திறக்குறதில்ல. நின்னுக்கிட்டு ஊட்டினா துப்புவார், சூடா குடுத்தா துப்புவார், முழுங்குறதுக்குள்ள அடுத்ததை நீட்டினா வாயை மூடிப்பார்."

மதர் குனிந்து துரையின் வாயோரத்தைத் துடைத்துவிட்டார்.

"ரொம்பக் கண்டிப்பான வாத்தியார். நீங்களாவது ஆறு நாள்ல பாஸ் பண்ணிட்டீங்க. என் மேல பதினேழு நாள் துப்பினார்!"