சூடு வாங்கும் முறை

“அத்தா, ஏசி போட்டா ரூம்ல இருந்த சூடு எங்க போவுது?” என்று பர்வீன் ஐந்து வயதில் ஒருமுறை கேட்டாள். “வெளிய போயிடும்மா” என்றார் அவளுடைய தந்தை கமாலுதீன். அப்போது வெளியே இடம் இருந்தது.

இப்போது தெருவில் சூட்டைத் தள்ளத் தடை. அடுக்ககத்து வீடுகள் எல்லாவற்றின் சூட்டையும் நாளுக்கு ஒரு வீடு முறைவைத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

பர்வீன் காய்ச்சலில் கிடந்தபோது கமாலுதீனின் முறை வந்தது. மாடிவீட்டு ஸ்டெல்லா இறங்கி வந்து, “நான் வாங்கிக்கிறேண்ணே, நீங்க புள்ளையப் பாருங்க” என்றாள். பர்வீன் பிழைக்கவில்லை. ஆனாலும் அவளுடைய கடைசி நாள் குளிர்ச்சியாகப் போனது.

இன்று ஸ்டெல்லாவின் முறை. பிரசவமாகி நேற்றுதான் வீடு திரும்பியவள், படிக்கட்டில் சங்கச் செயலாளரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“பச்சப்புள்ள சார். ஒரு வாரம் தள்ளி வைங்க.”

“சூட்டை நான் என்ன பையில போட்டு வெச்சுக்கவாம்மா? யாராவது வாங்கித்தானே ஆகணும்.”

கீழே நின்ற கமாலுதீனுக்கு எல்லாம் கேட்டது. அவருக்கு இதயம் சரியில்லை என்பது ஸ்டெல்லாவுக்குத் தெரியும். தாம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னால் விடமாட்டாள்.

எல்லோரும் கதவடைத்த பிறகு சூடு வரும் குழாய்கள் இருந்த அறைக்குப் போய், அவள் வீட்டு வால்வை மூடித் தம் வீட்டு வால்வைத் திறந்துவிட்டார். திரும்பி வந்து கைகால் முகம் கழுவி உளூ செய்து தொழுகை விரிப்பை விரித்தார். அதற்குள் சுவர்கள் காயத் தொடங்கியிருந்தன. விரிப்பையும் தாண்டித் தரை சுட்டது. விரிப்பில் பதித்த நெற்றியை எடுக்க அவர் அவசரப்படவில்லை.